கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் பொள்ளாச்சியிலும் நீட், ஜேஇஇ, வங்கித் தேர்வு வகுப்புகள் நடத்துகிற உரிமையாளர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே உங்கள் ஃபிளெக்ஸ் பேனர்கள் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக எல்லை தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர்களுக்கு வந்துவிடுகின்றன. உங்கள் ஆட்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அங்கேயே ஜிபேயில் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறார்கள். சேர்க்கும்போது மாநில எல்லை ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. வகுப்பு சொன்னபடி நடக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால் மட்டும், "நீங்க கேரளா. கேஸ் போடணும்னா இங்க வந்து போட்டுக்கங்க" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் சட்டப்படியே தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, பெரியவர்களுக்கு மனு எழுதித் தருவது எனக்கு நெடுநாள் பழக்கம். அதனால் உங்கள் ரசீதுகள் என் கைக்கு வருகின்றன. அநேகமாக எல்லா ரசீதின் அடியிலும் ஒரே வரி: "கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி, வழக்குகள் எல்லாம் இன்ன ஊர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்று.

என் தங்கை மகள் விஷயத்தையே சொல்கிறேன். எந்த மையம் என்பதை இங்கே எழுதவில்லை, அவர்களுக்குத் தெரியும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படித்து வந்த பெண் அவள். நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் அவளுக்கு அதில் நம்பிக்கை. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, பாடத்தைத் தமிழில் விளக்குவோம், பஸ்ஸில் போய்வரலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பணம் 62,000 ரூபாய். பால் சொசைட்டியில் வந்த காசு, தேங்காய் விற்ற காசு, மாமன் என்ற முறையில் என் பங்கு, எல்லாம் சேர்ந்த தொகை அது. முழுத் தொகையும் கட்டிய பிறகு, வார இறுதி பேட்சுக்கு ஆள் சேரவில்லை, வார நாள் பேட்சுக்கு மாறுங்கள் என்றார்கள். வார நாள் என்றால் ஹாஸ்டல், அதற்குத் தனிப் பணம். சரி என்று கொஞ்ச நாள் அலைந்து பார்த்தாள். தமிழ் விளக்கமும் இல்லை. பணத்தைக் கேட்டபோது "மேனேஜ்மென்ட் பாலிசி" என்றார்கள். கடைசியாகக் கிடைத்த சலுகை இது: "உங்க சொந்தத்துல வேற பிள்ளை யாராவது இருந்தா சேர்த்து விடுங்க, அதுல கழிச்சுக்கலாம்."

ஒரு பிள்ளைக்கு நடந்ததை மறைத்து இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்கிறீர்கள். என் தங்கை அன்று அந்த அலுவலகத்தில் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தாள். எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். அந்தக் காலத்தில் "இங்க வந்து போடுங்க" என்பதில் ஓரளவு நியாயம் இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அதை மாற்றிவிட்டது. அதன் 34ஆவது பிரிவின்படி, புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே வேலை பார்க்கிறாரோ, அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்களுக்கு அது பாலக்காடு. உங்கள் மையம் கோவையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பாலக்காடுதான். நாடாளுமன்றம் கொடுத்த அந்த உரிமையை ரசீதில் அச்சடித்த ஒரு வரி பறித்துவிட முடியாது.

ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்குப் புகார் பதிவுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையத்தில், நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். தெரியாதவர்களுக்குப் பக்கத்து அக்ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்தில், செய்து தருவார்கள். வீடியோ வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. நோட்டீஸ் போன மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இழுத்தடித்தால் எங்கள் ஊர்க்காரர்கள் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு 72ஆவது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

"இது கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். கல்லூரி, பல்கலைக்கழக விஷயத்தில் அப்படித் தீர்ப்புகள் உண்டு என்பது உண்மை. ஆனால் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் அதைத் தீர்த்துச் சொன்னபோதே பயிற்சி மையங்களைத் தனியாகப் பிரித்து, அவை சட்டத்துக்கு உட்பட்டவைதான் என்றது. நீங்கள் பட்டம் கொடுப்பதில்லை, பல்கலைக்கழகத்தின் கீழ் இல்லை, பணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கும் மரியாதையை விளம்பரத்தில் எடுத்துக்கொண்டு, பொறுப்பு கேட்கும்போது சட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது.

அந்த ரசீது வரிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களை மடக்குவது அதுதான். படிப்பறிவு உள்ளவர்கள்கூட "அதான் எழுதியே இருக்கே" என்று திரும்பிவிடுகிறார்கள். எழுதியிருப்பதால் மட்டும் ஒன்று சட்டமாகிவிடாது. சேவையில் குறை இருக்கும்போது அதை நிறுத்தி, வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் 2ஆவது பிரிவில் வரையறுத்து வைத்திருக்கிறது. வார இறுதி வகுப்பு என்று சொல்லிவிட்டு வார நாளுக்கு மாற்றியது சேவைக் குறை. தமிழில் விளக்குவோம் என்று சொல்லிவிட்டு விளக்காததும் சேவைக் குறை. இவற்றை எந்த அச்சு வரியும் மூடாது.

உங்கள் பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்று நான் நினைக்கவில்லை. வாடகை உண்டு, ஆசிரியர் சம்பளம் உண்டு, ஒரு பிள்ளை நடுவில் போனால் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை உடனே வரப்போவதில்லை. உங்கள் மீது எந்தக் குறையும் இல்லாமல், பிள்ளை மனம் மாறிக் கிளம்பிவிட்டால் முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். நடந்த வகுப்புக்கும் கொடுத்த புத்தகத்துக்கும் கழித்துக்கொள்ளுங்கள், அது நியாயம். நடக்காத வகுப்புக்கு என்ன கணக்கு? 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறையில் இதற்கு விடை இருக்கிறது: முழுக் கட்டணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்கான தொகையைக் கணக்கிட்டு 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அது மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிமுறை, தன்னளவில் தண்டனைச் சட்டம் அல்ல. ஆனாலும் எது நியாயம் என்று நாடு முழுவதற்கும் எழுதி வைத்தாகிவிட்டது.

இரண்டு வருடப் பணத்தை மொத்தமாக வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் தொழிற்கல்லூரிகள் ஒரு பருவத்துக்கோ ஒரு ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. பயிற்சி மைய வழக்குகளிலும் நுகர்வோர் ஆணையங்கள் அதை எடுத்துக்காட்டியிருக்கின்றன. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று நீங்கள் சொல்வது, பிள்ளை வெளியே போக முடியாதபடி கதவைச் சாத்துவதற்குத்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தோன்றுவது தவறு என்றால் தவணையில் வாங்கிக் காட்டுங்கள்.

ஜிஎஸ்டி கட்டிவிட்டோம், அதை எப்படித் திருப்புவது என்கிறீர்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, சரி. ஆனால் சேவையில் குறை என்று தெரிந்தால் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு, போட்டு வரியைச் சரிசெய்துகொள்ள ஜிஎஸ்டி சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை என்பார். இன்னும் சிலர் பில்லே தருவதில்லை, வெள்ளைத் தாளில் எழுதி சீல் வைத்துக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் வரியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அப்புறம் சான்றிதழ். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலை "சரிபார்க்க" என்று வாங்கி வைத்துக்கொண்டு, மீதிப் பணம் கட்டினால்தான் தருவோம் என்று சொல்கிற மையங்கள் உண்டு. அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு பிள்ளை வேறு கல்லூரியில் சேர்வது கடினம். இதைச் செய்கிறவர்கள் இன்றே நிறுத்த வேண்டும். இதில் பேச்சுவார்த்தைக்கே இடம் இல்லை.

உங்கள் பேனர்களில் சிரிக்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே நெறிமுறை வெளியிட்டது. தேர்வான மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடக்கூடாது. அந்த மாணவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார், அது கட்டண வகுப்பா என்பதையும் சொல்ல வேண்டும். சீட் உறுதி என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. கோபாலபுரம் ரோட்டில் நிற்கிற பேனர்களை ஒருமுறை வந்து படித்துப் பாருங்கள், எத்தனை இதற்குள் அடங்குகின்றன என்று.

எங்கள் ஊர்ப் பெற்றோர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சில விஷயங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இந்த உதவி எண் வழியாகப் பயிற்சி மையங்களிடமிருந்து 600க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 1.56 கோடி ரூபாய் திரும்பக் கிடைத்ததாக மத்திய நுகர்வோர் நலத்துறை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அதில் முடியவில்லை என்றால் என்ன குறை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் சொன்ன நேரம், பேட்ச், மொழி எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். நேரில் பேசியதைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளுக்கு என் வேண்டுகோளும் இதிலேயே இருக்கட்டும். கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே வழி செய்தது. அந்த உரிமை எங்கள் ஆட்களுக்குப் பயன்பட வேண்டுமானால், சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களிலாவது பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழில் புகார் எழுதித் தர ஓர் ஆள் உட்கார வேண்டும்.

உரிமையாளர்களே, அடுத்த சேர்க்கைக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது அந்த "எக்காரணம் கொண்டும்" வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் எவ்வளவு, முதல் மாதத்தில் விலகினால் எவ்வளவு, நீங்கள் பேட்சை மாற்றினால் எவ்வளவு, எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்று எழுதுங்கள். எங்கள் ஊரில் சேர்க்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குப் புரிகிற தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் எழுதுங்கள். என் தங்கை மகளைச் சேர்த்த மையத்துக்கு எங்கள் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. அதில் கேட்ட தேதிக்குள் பணம் வராவிட்டால் நாங்கள் கோவைக்கு வரமாட்டோம், பாலக்காட்டிலிருந்து உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஒரு தாய்மாமன்