டிஸ்ப்ளேயை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள்: வீட்டு இசைக் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு இசைக் கருவிகளை வடிவமைக்கும், தயாரிக்கும், நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், பாட்டுக் கோப்புகளை ஏற்றிவைத்துக் கேட்கும் ஒரு டிஜிட்டல் இசைக் கருவி 14 ஆண்டுகளாக இருக்கிறது. அப்பா சேர்த்துவைத்திருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் பதிந்து அதில் ஏற்றியிருக்கிறேன். நாதஸ்வரக் கச்சேரிகள், கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த தவில் தனியாவர்த்தனம், வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள் என்று எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு இப்போது 76 வயது. மாலையில் விளக்கேற்றியதும் ரிமோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கருவி இன்றும் நன்றாகப் பாடுகிறது. ஒலியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதன் டிஸ்ப்ளேதான் போய்விட்டது.

ஒரே நாளில் அணைந்துவிடவில்லை. நீலமும் பச்சையும் கலந்த அந்த வெளிச்சம் ஐந்தாறு ஆண்டுகளாகவே மங்கிக்கொண்டு வந்தது. முதலில் பகலில் படிக்க முடியாமல் போனது, பிறகு விளக்கை அணைத்தால்தான் தெரிந்தது. இப்போது இருட்டிலும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டு ஓடாத நேரமெல்லாம் கருவி மணி காட்டிக்கொண்டிருக்கும்படி நீங்கள் அமைத்திருந்தீர்கள். அதனால் நடுவில் இலக்கங்கள் எரிந்த இடம் மற்ற இடத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. பாட்டின் பெயர் அந்த இடத்தைக் கடக்கும்போது எழுத்துகள் தண்ணீருக்குள் மூழ்கி எழுவதைப் போல மறைந்து மறைந்து வருகின்றன.

நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எடுத்துப் போனேன். "டிஸ்ப்ளே தனியாகக் கிடைக்காது, முன்பக்க போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அந்த போர்டும் இப்போது வருவதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பதிலைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாத நிலையில் அவரை நிறுத்திவைத்த வடிவமைப்பின் மீதுதான் வருத்தம். அது எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்றால், இந்தக் குறை ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

பிறகு எங்கள் ஊரில் வால்வு ரேடியோக் காலத்திலிருந்து தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் போனோம். மேல்மூடியைக் கழற்றி, முன்பலகையைப் பிரித்து, டிஸ்ப்ளே இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். சுண்டுவிரல் அகலத்தில் ஒரு நீளமான கண்ணாடிக் கூடு. அதன் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் கம்பிக் கால்கள். ஒவ்வொரு காலும் போர்டில் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடியின் பின்புறம் முழுவதும் பசை நாடா. அந்த நாடாவை உரித்தால்தான் டிஸ்ப்ளேயின் எண் தெரியும், உரித்தால் கண்ணாடி உடையும். பெரியவர் சாமணத்தைக் கீழே வைத்துவிட்டார். "இதைக் கழற்றக் கூடாது என்று நினைத்தே செய்திருக்கிறார்கள்" என்றார். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்தும் பார்த்தேன். எண் தெரியாத பாகத்தை யாரால் தேடித்தர முடியும்?

இந்த வகை டிஸ்ப்ளே எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காற்று நீக்கிய கண்ணாடிக் கூட்டுக்குள் தலைமுடியைப் போன்ற மெல்லிய கம்பிகள் சூடாகி எலெக்ட்ரான்களை விடுகின்றன. அவை எதிரே பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளின் மீது மோதும்போது அந்த இடம் ஒளிர்கிறது. பழைய வால்வின் தத்துவமேதான். 1967இல் ஜப்பானின் இசே எலெக்ட்ரானிக்ஸ் இதை உருவாக்கியது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும், கூடத்தின் மறுமூலையிலிருந்தும் படிக்கலாம். ஆனால் எரிய எரியப் பாஸ்பர் தேய்ந்தே தீரும். இன்று நீங்கள் விரும்பிப் போடும் ஓஎல்இடி வகை டிஸ்ப்ளேயும் அப்படித்தான் தேய்கிறது. தேயும் என்று தயாரிக்கும்போதே தெரிந்த ஒரு பாகத்தை, தேயாத பாகங்களோடு சேர்த்து ஏன் ஒட்டுகிறீர்கள்? இந்தக் கேள்விக்குத்தான் உங்களிடம் பதில் வேண்டும்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் டயல் பல்பு போய்விட்டால், எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து மாட்டிவிடுவார். டயல் நூல் அறுந்தாலும் அப்படியே. டயல் கண்ணாடியில் இலங்கை வானொலி வரும் இடத்தை அப்பா பென்சிலால் குறித்துவைத்திருந்தார். அந்தக் குறி கடைசிவரை இருந்தது.

டிஜிட்டல் கருவியில் அது முடியாது என்று சொல்லாதீர்கள். முடியும் என்று செய்துகாட்டியவர்கள் உங்கள் துறையிலேயே இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம் 2003இன் இறுதியில் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற வீட்டு இசைக் கருவியை வெளியிட்டது. கணினியில் இருக்கும் பாட்டை வலையமைப்பு வழியாக வாங்கி இசைக்கும் பெட்டி அது. முதலில் அதில் இருந்தது இரண்டு வரியில் வரிக்கு 40 எழுத்து காட்டும் டிஸ்ப்ளே. பிறகு 280க்கு 16 புள்ளிகள் கொண்ட வரைகலை டிஸ்ப்ளே வந்தது. பழைய பெட்டியை வாங்கியவர்களும் பெட்டியைத் தூக்கியெறியாமல் டிஸ்ப்ளேயை மட்டும் புதியதாக மாற்றிக்கொள்ள வழி இருந்தது. 2005இல் வந்த அடுத்த மாதிரியில் 320க்கு 32 புள்ளிகள். இந்தக் கருவிகளின் அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. டிஸ்ப்ளேயில் தெரிய வேண்டிய படத்தைக் கணினியில் ஓடும் வழங்கி மென்பொருளே வரைந்து அனுப்பிவிடும், பெட்டி அதைக் காட்டினால் போதும். அந்த மென்பொருளின் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருந்தது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012இல் அந்தக் கருவிகளின் வரிசையே நிறுத்தப்பட்டது. ஆனாலும் மென்பொருள் சாகவில்லை. லிரியன் மியூசிக் சர்வர் என்ற புதிய பெயரில் ஆர்வலர்கள் அதை இன்றும் வளர்த்துவருகிறார்கள். ராஸ்பெரி பை என்ற சிறிய கணினிப் பலகையோடு ஒரு சிறிய டிஸ்ப்ளேயை இணைத்துத் தாங்களே கருவி செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். தயாரித்தவர் கைவிட்ட பிறகும் ஒரு பொருள் வாழ முடிகிறதென்றால், அதைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் முதலிலேயே இடம் விட்டதுதான் காரணம்.

எழுத்து காட்டும் டிஸ்ப்ளேயிலிருந்து புள்ளி காட்டும் டிஸ்ப்ளேக்கு மாறுவது ஆங்கிலம் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் அழகு கூடும் விஷயம், அவ்வளவுதான். தமிழ் படிப்பவர்களுக்கு அப்படி இல்லை. எழுத்து காட்டும் டிஸ்ப்ளேயில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் கட்டம், கட்டத்துக்கு 5 புள்ளி அகலம். பரவலாகப் பயன்பட்ட கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றில் நாமே வரைந்து சேர்க்கக்கூடிய எழுத்துகள் எட்டே எட்டு. 247 எழுத்துகளை எட்டில் எப்படி அடக்குவது? 5 புள்ளி அகலத்தில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு காட்டவே இடம் இல்லை. புள்ளிகள் இடைவெளியின்றி வரிசையாக இருக்கும் டிஸ்ப்ளேயில்தான் தமிழ் உட்கார முடியும். அதிலும் 16 புள்ளி உயரம் நெருக்கம்தான். மேலே விசிறி, கீழே சுழி என்று வரும் எழுத்துகளுக்கு 32 இருந்தால் கண்ணுக்கு இதம்.

என் அம்மா எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். எங்கள் கருவி தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களைக் காட்டியதால், எல்லா ராகங்களின் பெயரையும் நான் ஆங்கில எழுத்தில் தட்டிவைத்தேன். அம்மா அவற்றைப் படிக்கவில்லை. வடிவத்தை மனத்தில் பதித்துக்கொண்டார். "குடை மாதிரி தொடங்குவது தோடி" என்பார். டிஸ்ப்ளே மங்கிய பிறகு அந்தக் குடையும் தெரியவில்லை. இப்போது ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, முதல் சில நொடிகளைக் கேட்டு, அது இல்லையென்றால் அடுத்ததற்குப் போகிறார். சில நாள் தேடியது கிடைப்பதற்குள் சமையலறையில் பால் பொங்கிவிடுகிறது, எழுந்து போய்விடுகிறார்.

பாட்டுக் கோப்புக்குள் பெயர் எழுதும் முறையிலும் இதே அலட்சியம் இருந்தது. எம்பி3 கோப்பில் முதலில் வந்த குறிப்பு முறை பாட்டின் பெயருக்கு ஒதுக்கியது 30 பைட்டுகள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். எழுத்தோடு சேரும் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறிதான். ஆக, பத்துக் குறிகள். 'ஆனந்தபைரவி' என்று எழுதினால் சரியாக 30 முடிந்துவிடும். 'சங்கராபரணம்' 33 ஆகிறது. 30இல் வெட்டினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து 'சங்கராபரணம' என்று நிற்கும். பின்னால் வந்த குறிப்பு முறைகள் இந்த எல்லையை நீக்கிவிட்டன. ஆனால் உங்கள் கருவிகளில் பலவற்றுக்கு இன்றும் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை. 'கொ' என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். கோக்கத் தெரியாத கருவி இரண்டையும் ககரத்துக்குப் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தையும் போட்டுவிடுகிறது. இதைச் சரிசெய்ய நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் மென்பொருள் திறந்த உரிமத்தில் இருக்கிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதனால்தான். நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருவும் இலவசம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். டிஸ்ப்ளேயைத் தனி போர்டில் வைத்து, ரிப்பன் கேபிளால் இணையுங்கள். பசைக்குப் பதிலாக இரண்டு திருகாணிகள் போடுங்கள். அதன் எண், அதற்கு வேண்டிய மின்னழுத்தம், எந்தக் காலில் எந்தச் சமிக்ஞை வருகிறது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். டிஸ்ப்ளே செய்பவரே அதை நிறுத்திவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சமிக்ஞை விவரம் வெளியே இருந்தால் வேறு டிஸ்ப்ளேயைப் பொருத்திக்கொள்ளும் திறமை உள்ளவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், நீங்கள் எதையும் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கத் தேவையில்லை. சும்மா இருக்கும்போது டிஸ்ப்ளேயை அணைத்துவைக்கும் வசதியையும் கொடுங்கள், தேய்மானம் வெகுவாகக் குறையும்.

"டிஸ்ப்ளே எதற்கு, கைப்பேசிச் செயலி இருக்கிறதே" என்ற பதிலும் எனக்கு வந்தது. செயலியை நம்பி வாங்கிய பொருளின் ஆயுள் அந்தச் செயலியின் ஆயுள்தான். கைப்பேசி இரண்டு முறை மாறுவதற்குள் பழைய செயலி புதிய கைப்பேசியில் ஏற மறுக்கிறது. என் அம்மா கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டுமே எடுப்பார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்து "இது கல்யாணியா?" என்று பேசிக்கொள்வது ஒருவர் கையில் இருக்கும் கைப்பேசியால் நடக்காது.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைப்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்தது. கைப்பேசிக்குக் கிடைக்கும் அந்த மரியாதையை, அதைவிட நீண்ட காலம் வீட்டில் இருக்கும் இசைக் கருவிக்கும் நீங்களாகவே கொடுக்கலாம்.

எங்கள் கருவி மூடி திறந்தபடியே இன்னும் மெக்கானிக்கின் பட்டறை அலமாரியில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா கேட்டதால் மூடியைத் திருகி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் குறித்துத் தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். டிஸ்ப்ளேயின் எண்ணை மட்டும் சொன்னால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரும் நாளில் பெரியவர் சால்டரிங் அயர்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்