விண்டோஸ் இல்லாத கணினிக்கு விண்டோஸில் மட்டும் திறக்கும் டிரைவர்: ஒரு புகார்

அனுப்புநர்:
டிடிபி கடை உரிமையாளர், விருதுநகர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு டிஸ்க்) மாற்றிய பிறகு, அதை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருளான ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் டிரைவர் சரியான வடிவில் கிடைக்காமல் நான்கு நாள் வேலை முடங்கியது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மடிக்கணினியை ஒன்றரை வருடமாகக் கடையில் வைத்து வேலை செய்கிறேன். 13ஆம் தலைமுறை இன்டெல் ஐ5. விண்டோஸ் இல்லாத மாடலாக வாங்கினேன். விற்ற கடைக்காரரே அப்போது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சென்ற மாதம் எஸ்எஸ்டி பழுதானது. மதுரையில் உங்கள் சர்வீஸ் சென்டரில் வாரண்டியில் புது 512 ஜிபி எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவுண்டரில் இருந்த தம்பி, "விண்டோஸ் நீங்களே போட்டுக்கங்க சார், அது வாரண்டியில வராது" என்றார். சரி என்று எடுத்து வந்தேன்.

அன்று இரவே மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி ஆரம்பித்தேன். எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. டிஸ்க் பெயர் இருக்க வேண்டிய பெட்டி காலியாக இருந்தது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் அதே எஸ்எஸ்டி, பெயரோடும் அளவோடும் நிற்கிறது. திரும்ப வந்தால் காலிப் பெட்டி. இப்படி ஐந்தாறு முறை. எஸ்எஸ்டியே பழுது என்று நினைத்து மறுநாள் பஸ் ஏறி மறுபடி மதுரைக்கு வந்தேன். சோதித்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். காரணத்தை அங்கே யாரும் சொல்லவில்லை.

காரணத்தை நானே தேடித் தெரிந்துகொண்டேன். உங்கள் கணினியில் இன்டெலின் விஎம்டி என்ற, சேமிப்பு டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் தொழிற்சாலையிலேயே இயக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் என்விஎம்இ டிரைவருக்கு (இவ்வகை எஸ்எஸ்டிக்கான சாதாரண டிரைவர்) அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. விஎம்டிக்கான டிரைவரை நிறுவும்போதே ஊட்டினால்தான் டிஸ்க் கண்ணில் படும்.

என் புகாரே இனிமேல்தான். உங்கள் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து, ஸ்டோரேஜ் என்ற தலைப்பில் தேடினால் இருப்பது ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு. அதை ஓட்ட விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் போடத்தானே ஐயா அந்த டிரைவரே வேண்டியிருக்கிறது? பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தினேன். அது டிரைவர் விவரம் உள்ள ஐஎன்எஃப் கோப்பைத்தான் தேடுகிறது, இதைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துக் கடைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கணினிக்கு ஆதரவு இல்லை என்று நின்றுவிட்டது. உங்கள் உதவி எண்ணில் 40 நிமிடம் காத்திருந்து பேசினேன். பயாஸில் விஎம்டியை அணைக்கச் சொன்னார்கள். என் பயாஸில் அப்படி ஒரு வரியே கண்ணில் படவில்லை என்றேன். மேலதிகாரி அழைப்பார் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை.

நான்காம் நாள், பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் வந்தான். அதே கோப்பை கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரை), பின்னால் 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்று சேர்த்து ஓட்டினான். உள்ளேயிருந்து டிரைவர் கோப்புகள் தனி ஃபோல்டராக வந்தன. பென்டிரைவுக்கு மாற்றி, லோட் டிரைவரில் விஎம்டி ஃபோல்டரைக் காட்டினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 'டிஸ்க் 0, 476.9 ஜிபி' என்று வந்து நின்றது (512 ஜிபியை விண்டோஸ் இப்படித்தான் கணக்கிட்டுக் காட்டும்). எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகூர்த்த மாதம், இரண்டு கல்யாணப் பத்திரிகை வேலைகளை அதற்குள் வேறு கடைக்கு விட்டுவிட்டேன். அதில் ஒரு வீட்டார் பத்து வருடமாக என்னிடமே வருகிறவர்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சாட்டா (ஹார்டு டிஸ்க் இணைப்பு) டிரைவரை ஃபிளாப்பியில் வைத்து, எஃப்6 அழுத்திப் போட்டவன் நான். அப்போது டிரைவரைத் தனிக் கோப்புகளாகவே கொடுத்தார்கள், ஃபிளாப்பியில் நகலெடுத்தால் போதும். இன்றைக்கு உங்களால் ஏன் முடியவில்லை?

டிரைவர் ஃபோல்டரை ஜிப் கோப்பாக அதே பக்கத்தில் வையுங்கள். எப்படிப் போடுவது என்று நான்கு வரி எழுதுங்கள், தமிழிலும் எழுதினால் நல்லது. எஸ்எஸ்டி மாற்றிக் கொடுக்கும்போது இந்த டிரைவர் தேவைப்படும் என்று சர்வீஸ் சீட்டிலேயே குறித்துத் தர வேண்டும். கவுண்டர் தம்பிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், அவர் மீது எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது முறை மதுரை வந்துபோன செலவையும் இழந்த நான்கு நாள் வருமானத்தையும் ஈடுசெய்யக் கேட்கிறேன்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். சர்வீஸ் சீட்டுகளின் நகல், பஸ் டிக்கெட்டுகள், காலிப் பெட்டித் திரையின் போட்டோ ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்