மழைக் கணக்கு நிரலை மாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பாலாற்றுப் பகுதி மழைக் கணக்கை ‘ஆர்’ என்ற கணினி மொழியில் போட்டுவந்த நிரல் இப்போது முழுக்க ‘சி பிளஸ் பிளஸ்’ என்ற இன்னொரு கணினி மொழியில் ஓடுகிறது. யார் என்ன செய்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, சனிக்கிழமைதோறும் காட்பாடியிலிருந்து வந்த தம்பி தங்கைகளுக்கு. விடுபட்ட அளவை ஆர் ‘என்ஏ’ என்று காட்டும். முழு எண் பத்தியில் (மேலிருந்து கீழாக வரும் வரிசையில்) அது உள்ளுக்குள் -2147483648. சி பிளஸ் பிளஸுக்கு அதுவும் ஒரு எண்தான். குடியாத்தம் பத்தியில் 12, காலி, 30 என்று இருந்த மூன்று நாளின் கூட்டல் 42 ஆகாமல் -2147483606 என்று வந்ததைப் பிடித்தது அவர்களே. கூட்டும் முன் அளவு விடுபட்டதா என்று சோதிக்கும் வரியை, திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு லூப்பிலும் சேர்த்தார்கள். தசமப் பத்தியில் இதே என்ஏ ‘நேன்’ வகை, அதாவது ‘எண் அல்ல’ என்ற குறி. பெரிதா, சிறிதா, சமமா என்று எதைக் கேட்டாலும் இல்லை என்றே சொல்லும். அதற்கு, நேன்தானா என்று பார்க்கும் ‘ஐஸ்நேன்’ சோதனை வேண்டும். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரில், கணக்கை வேகப்படுத்தும் ‘ஃபாஸ்ட் மேத்’ தேர்வைப் போட்டுவிடாதீர்கள், அந்தச் சோதனையே காணாமல் போகும்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஐயாவுக்குத் தனி வணக்கம். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் மழைநாள். அந்த 2.5-ஐ முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் ஆர் 2 என்கிறது, சி பிளஸ் பிளஸ் 3 என்கிறது. சரிபாதியாக வரும்போது ஆர் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். சி பிளஸ் பிளஸிலும் அப்படியே ரவுண்ட் செய்யும் ‘நியர்பைஇன்ட்’ வைத்ததும் இரண்டும் ஒத்துப்போயின. ஐயா பட்டியலைக் கையால் கூட்டிப் பார்த்திராவிட்டால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மாவட்டப் பெயர்களைச் சரிசெய்த ராணிப்பேட்டை அக்காவுக்கும் நன்றி. பெயர்ப் பத்தியை வைக்கும் ஆரின் ‘ஃபேக்டர்’ வகை, பெயர்களை அகரவரிசையில் அடுக்கி 1 முதல் எண் கொடுக்கும். திருவண்ணாமலையும் வேலூரும் மட்டும் இருந்த பழைய கோப்பில் வேலூர் 2. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு வந்த கோப்பில் வேலூர் 4. எண்ணை நம்பி எழுதிய வரிகளை எல்லாம் அக்கா பெயரைப் பார்த்துத் தேடும்படி மாற்றினார்.

ஆர் மேட்ரிக்ஸை, அதாவது எண் அட்டவணையை, பத்தி பத்தியாக அடுக்கும். அதை வரிவரியாகப் படித்தால் ஆம்பூர் மழை வேலூர் கணக்கில் ஏறிவிடும். இதை நினைவூட்டிக்கொண்டே இருந்த தம்பிக்கு நன்றி. ஒரே சீட் (தொடக்க எண்) கொடுத்தாலும் இரண்டு மொழியிலும் ஒரே ரேண்டம் எண்கள் (குலுக்கிப் போட்டதுபோல் வரும் எண்கள்) வராது. ஆர் கொடுத்த எண்களைக் கோப்பில் சேமித்து இரண்டுக்கும் ஊட்டலாம் என்று வழி சொன்னதும் அவர்தான்.

மாடி அறையும் மின்சாரமும் கொடுத்த சத்துவாச்சாரி அண்ணனுக்கும், டீ போட்டுத் தந்த அண்ணிக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிக் கோப்புகள் அதே மாடியில்தான் இருக்கின்றன. வேண்டியவர்கள் சனிக்கிழமை பென்டிரைவோடு வாருங்கள்.

அன்புடன்,
மழைக் கணக்கு நிரல் எழுதுவோர்,
வேலூர்