பிரிட்டிஷ் சினிமாவில் யதார்த்தம் தேய்ந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டிஷ் சினிமாவில் யதார்த்தம் தேய்ந்ததற்கு ரசனை மாற்றமே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். காசு வந்த வழியையும் பார்க்க வேண்டும்.

அந்த யதார்த்த மரபின் முதல் பெரிய படமே மீன்பிடியைப் பற்றியது. ஜான் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்' (1929), வடகடலில் ஹெர்ரிங் பிடிப்பவர்களைக் காட்டும் மௌனப் படம். ஹெர்ரிங் நம் சாளைக்குச் சொந்தக்கார மீன்தான். வலை விடுவது, ராத்திரி காத்துக்கிடப்பது, இழுப்பது, கரையில் விற்பது என்று வேலையின் வரிசையிலேயே படம் போகும். பாம்பனில் வழிவலை விடுகிறவருக்கு விளக்கமே வேண்டாம். படகின் உள்ளறை கரையில் போட்ட செட், நீரடி மீன்கள் தொட்டியில் எடுத்தவை என்பது வேறு விஷயம். பணம் போட்டது அரசு வாரியம். வசூல் கவலை இல்லை.

1960இல் ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகனாக்கிய வுட்ஃபால் என்ற பிரிட்டிஷ் படநிறுவனம், 1963இல் அமெரிக்காவின் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பணத்தில் 18ஆம் நூற்றாண்டுக் கதையான 'டாம் ஜோன்ஸ்' படத்தை வண்ணத்தில் எடுத்தது. ஆஸ்கரும் கிடைத்தது. அப்புறம் காசு எந்தப் பக்கம் சாயும்? டிக்கெட்டில் பிடித்து பிரிட்டிஷ் படங்களுக்குத் தந்த ஈடி வரியும் வசூலுக்கேற்பவே பிரிக்கப்பட்டது. ஓடிய படத்துக்கே மேலும் பணம். 1985இல் அதுவும் நின்றது.

இன்று பிரிட்டனின் பண்பாட்டுச் சோதனையில் 35 மதிப்பெண்ணுக்கு 18 வாங்கினால் ஒரு படம் 'பிரிட்டிஷ்' என்று சான்று பெற்று வரிச்சலுகை கேட்கலாம். வசனம் ஆங்கிலமாக இருப்பதற்கே 6 வரை கிடைக்கும். யாருடைய பிழைப்பை எவ்வளவு உண்மையாகக் காட்டியது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

யதார்த்த மரபு அடியோடு அழிந்துவிடவில்லை. மார்க் ஜென்கினின் 'பெய்ட்' (2019), வெளியூர்க்காரர்களிடம் வீட்டை விற்றுவிட்ட, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் மீனவர் குடும்பத்தின் கதை. சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. போலெக்ஸ் கேமரா, கருப்பு வெள்ளைச் சுருள், கையாலேயே கழுவியது, ஒலி முழுக்கப் பிறகு சேர்த்தது. ஒரு சாவிக்கு அரை நிமிடம்கூட ஓடாது. நீண்ட காட்சி எடுக்க முடியாது. ஆகவே கை, கயிறு, முடிச்சு, வலை என்று துண்டு துண்டாக நகர்கிறது. கழுவும்போது விழுந்த கீறலும் புள்ளியும் திரையில் தெரியும். இதை யதார்த்தம் என்பதா என்று வாதாடலாம். வேலை தெரிந்தவர் எடுத்தது என்பதில் வாதமில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் திரையிடல் நடத்துவோர் 'டிரிஃப்டர்ஸ்', 'பெய்ட்' இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம். 'பெய்ட்' படத்துக்குத் தமிழ் வசனவரி கட்டாயம் வேண்டும். கார்ன்வால் பேச்சு, ஆங்கிலம் படித்தவருக்கே சட்டென்று பிடிபடாது.

திரைப்பட ஆர்வலர்கள்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.