நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர்களுக்கு: புதிய அட்டை, சனிக்கிழமைப் பயிற்சி

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஆலோசகர்கள் கவனிக்கவும். முடிவெடுக்க உதவும் ஒரு பக்க அட்டையை மேலே அனுப்பியிருக்கிறோம். அச்செடுத்து இழுப்பறையில் வையுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வேண்டாம், எதிரே உட்காருபவர் படித்துவிடுவார்.

முதல் கேள்வி, "கடைசியாக எப்போது?" அதாவது, தொற்று வாய்ப்புள்ள தொடர்பு எப்போது நடந்தது என்று. 72 மணி நேரத்துக்குள் என்றால் மற்றதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். 28 நாள் தடுப்பு மருந்து தேவையா என்று அவர் சொல்வார். அதற்கு மேல் ஆகி 3 மாதம் நிரம்பாமல் இருந்தால், இன்றைய 'நெகட்டிவ்' முடிவல்ல. 3 மாதம் கழித்து மறுபரிசோதனை. தேதியைக் கையில் எழுதிக் கொடுக்காததால்தான் பலர் திரும்பி வருவதில்லை.

முதல் பரிசோதனைக் கிட்டில் கோடு தெரிந்ததுமே வாய் திறக்காதீர்கள். மூன்று வெவ்வேறு கிட் முடிந்தபின்தான் பேச்சு.

கர்ப்பிணிகளிடம் அதிகம் தவறுவது இங்கே: இரும்பு, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டோடு என்றால் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியில் பாதி நேரம் ரகசியத்துக்கே. சிங்கப்பூரிலிருந்து கணவர் போனில் கேட்பார், கூட்டுக் குடும்பத்துப் பெரியப்பா நேரில் வந்து கேட்பார். 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர்களிடம் முடிவைச் சொல்லக்கூடாது. என்ன பதில் சொல்வது என்று இருவர் இருவராகப் பேசிப் பழகுவோம். உங்களைத் திணறவைத்த கேள்விகளை எழுதி வாருங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.