சின்னவனும் ஸ்டீயரிங்கும்

அன்பு மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. ஆபீஸில் கணக்கு முடிக்கிற நேரம், அதனால்தான் தாமதம், திட்டாதே. பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாவது படிக்கிற பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் "பைரன் இப்படித்தான்பா வந்தான்" என்று உனக்கே பாடம் எடுக்கிறான், யார்டா அந்தப் பைரன், நீ அந்த ஊரில்தானே இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். பயல் பொய் சொல்லவில்லை. பாதியோடு நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

வில்லியம் பைரன் நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஓட்டுகிறவன். இதே சார்லட் ஊர்க்காரன், 1997 நவம்பரில் பிறந்தவன். நாஸ்கார் டீம்களின் ஒர்க்‌ஷாப்பில் முக்கால்வாசி இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. சோமனூரில் தறிச்சத்தம் மாதிரி இங்கே இன்ஜின் சத்தம். ஆனால் அவன் வீட்டில் யாரும் ரேஸ் ஓட்டியவர்கள் இல்லை. அப்பா நிதி ஆலோசகர். மற்ற டிரைவர்கள் பால்பல் விழுவதற்குள் வண்டியில் ஏறிவிடுவார்கள், பழைய சாம்பியன் ஜெஃப் கார்டன் எல்லாம் ஐந்து வயதிலேயே ஓட்ட ஆரம்பித்தவர். இவன் பதின்மூன்று பதினான்கு வயதில் ஐரேசிங் என்கிற கம்ப்யூட்டர் பந்தயத்தில் உட்கார்ந்து நூறு பந்தயத்துக்கு மேல் ஜெயித்தான். அது வெறும் கேம் இல்லை என்று சின்னவன் சொல்வதும் சரிதான். நிஜ டிராக்கை லேசர் வைத்து அளந்து, தார் எந்த இடத்தில் மேடு தட்டுகிறது என்பது வரைக்கும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் இல்லை. நிஜ வண்டியில் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தால் முதலில் சொல்வது இடுப்பு. அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டு நாற்காலி எதையும் சொல்லாது. அந்தக் குறையை வைத்துக்கொண்டு கண்ணாலும் கையாலும் மட்டுமே பிடிக்கப் பழகியவன் நிஜ வண்டியில் ஏறும்போது, இடுப்பு சொல்வதும் சேர்ந்துகொள்கிறது. அவனுக்கு அது கூடுதல் லாபமாக இருந்திருக்கும் என்பது என் சொந்த யூகம், டிரைவர் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை.

2012இல்தான் நிஜ வண்டி. லெஜண்ட்ஸ் கார் என்று ஒன்று உண்டு, 1930கள் காலத்துக் காரைச் சுருக்கிச் செய்த உருவம், உள்ளே யமஹா பைக் இன்ஜின். ஜூன், ஜூலையில் சார்லட் ஸ்பீட்வேயின் பிரதான கேலரிக்கு முன்னாலேயே கால் மைல் வளையத்தில் விடுவார்கள். நானும் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மீசை முளைக்காத பையன்கள் குளவி மாதிரி கத்துகிற வண்டியில் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு போகிறார்கள், பாப்கார்னில் எல்லாம் கறுப்பு கறுப்பாக டயர்த் துணுக்கு விழுகிறது, பக்கத்தில் ஒரு தகப்பன் நகத்தைக் கடித்தபடி நிற்கிறான். அந்த லெஜண்ட்ஸில் பைரன் 33 பந்தயம் ஜெயித்து இளைஞர் பிரிவு சாம்பியன் ஆனான். அதற்கப்புறம் ஜெட் வேகம்தான், 2015இல் கே அண்ட் என் கிழக்குப் பிரிவு என்கிற நாஸ்காரின் கீழ்மட்டப் பந்தயத்தில் பட்டம், 2016இல் கைல் புஷ் என்கிற டிரைவரின் டீமுக்காக நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயம்.

அந்த 2016ஐப் பற்றித்தான் சின்னவனிடம் சொல்லவேண்டும். முதல் வருடமே ஏழு வெற்றி, புதுமுகம் யாரும் அதற்கு முன் அவ்வளவு ஜெயித்ததில்லை. நவம்பரில் ஃபீனிக்ஸ், அதைத் தாண்டினால் பட்டத்துக்கான கடைசி நான்கு பேரில் ஒருவன். நான் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பையன் முன்னால் போகிறான், மிச்சம் பத்தே சுற்று. இன்ஜின் போய்விட்டது! அவன் செய்த தப்பு ஒன்றும் கிடையாது. பதினெட்டு வயது. அடுத்த வாரம் ஹோம்ஸ்டெட்டில் வந்து அந்தக் கடைசிப் பந்தயத்தை ஜெயித்தான் பார், பட்டம் ஜானி சாட்டருக்குப் போனது. மறு வருடம் எக்ஸ்ஃபினிட்டி என்கிற இரண்டாம் நிலைப் பிரிவில் அதே ஃபீனிக்ஸில், அதே நவம்பரில் ஜெயித்து, இருபது வயது ஆகுமுன் அந்தப் பட்டத்தையும் வாங்கிவிட்டான்.

ஆனால் 2018இல் நாஸ்காரின் உச்சமான கப் பிரிவுக்குப் போனதும், அதுவும் கார்டன் ஓட்டிய 24ஆம் நம்பர் வண்டியில், ஒரு வெற்றிகூட இல்லை. புள்ளிப் பட்டியலில் 23ஆம் இடம். சிறந்த புதுமுகம் என்று விருது கொடுத்தார்கள், சரி. முதல் வெற்றி 98ஆவது பந்தயத்தில்தான், 2020 ஆகஸ்டில், டேடோனாவில். அதில் ஒரு கூத்து கேள். சின்ன வயதிலிருந்து அவன் ஜிம்மி ஜான்சன் ரசிகன். அன்றைக்கு இவனுக்கு வியூகம் போட்டுக் கொடுத்த சாட் கினாஸ், ஜான்சனுக்கு ஏழு பட்டம் வாங்கிக் கொடுத்த அதே ஆள். அதே பந்தயத்தில் ஜான்சன் விபத்தில் சிக்கி, ஆறு புள்ளியில் பிளேஆஃப் என்கிற, பட்டத்துக்கான கடைசிக் கட்டத்தைத் தவறவிட்டார். நாஸ்காரில் அவர் முழு சீசன் ஓட்டிய கடைசி வருடம் அது. ஜெயித்த சந்தோஷத்தில் பையன் அந்தப் பக்கம் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பான் என்று நான் யோசித்ததுண்டு.

சின்னவன் விட்டுவிட்ட பாதி காசு. லெஜண்ட்ஸ் கார் வாங்க, டயர் மாற்ற, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக அந்த வீட்டில் வசதி இருந்தது. பிறகு லிபர்டி பல்கலைக்கழகம் ஸ்பான்சராக வந்தது, ஓட்டிக்கொண்டே ஆன்லைனில் அங்கேயே படித்தான். படித்தான் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல், பத்தாவது பரீட்சை வருகிறதே. கம்ப்யூட்டர் கதவைத் திறந்தது நிஜம்தான், உள்ளே போக டிக்கெட் யார் எடுத்தார்கள் என்பதை மட்டும் எல்லோரும் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதற்காக ஸ்டீயரிங்கைப் பிடுங்கி வைக்காதே. பதினோரு மணிக்குக் கரண்ட்டை நிறுத்து, போதும். லீவில் செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கூட்டிப்போய், கோ-கார்ட் வண்டியில் ஒரு ரவுண்டு ஏற்றிவிடு. ஹெல்மெட்டைக் கழற்றினதும் என்ன சொன்னான் என்று அன்றைக்கே எழுது. இடுப்பு வலிக்கிறது என்றால் சும்மா விடு. இன்னொரு ரவுண்டு என்றால் எனக்குப் போன் பண்ணு, செலவைப் பற்றிப் பேசலாம்.

உன்
சார்லட்காரன்