மூன்று கால் முடிச்சு

இயேசு மரி சூசை

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் வந்தது. கோயம்புத்தூரில் உன் பங்குக் கோவிலில் பாதிப் பேர் பாடகர் குழுவில், மீதிப் பேர் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவதில், உனக்குப் பாடவும் வராது, நாலு பேர் முன்னால் பேசவும் வராது, கடவுள் உனக்கென்று ஒரு கொடையும் தரவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை, தாயி. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் எந்த வரியில் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளை நீ. எவ்வளவு சிக்கலான விண்ணப்பப் பாரத்தையும் பொறுமையாக வாசித்து முடிப்பாய். அதைக் கொடை என்று யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

1 கொரிந்தியர் 12:28ஐ எடுத்துப் பார். திருத்தூதர், இறைவாக்கினர், போதகர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிற பவுல், நிர்வாகம் செய்கிற கொடையையும் அதே வரிசையில் வைக்கிறார். அங்கே கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல் கப்பலின் சுக்கான் பிடிக்கிற வேலையிலிருந்து வந்தது. சுக்கான் பிடிக்கிறவர் பாடுவதில்லை, பிரசங்கம் வைப்பதில்லை. அவர் கை நழுவினால் வள்ளம் எங்கே போய் முட்டும் என்று பாம்பன் கால்வாயைப் பார்த்து வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தூதர் பணி 6ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசி. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களைக் கவனிக்காமல் விட்டதால் சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்து, செபித்து, அவர்கள் தலைமேல் கைகளை வைத்தார்கள். பங்கீட்டைச் சரிசெய்கிற வேலைக்குத்தான் அத்தனை மரியாதை.

தாலந்து என்ற சொல்லை நாம் இப்போது திறமை என்ற பொருளில் சொல்கிறோம். எசமான் ஒருவர் பணியாளர்களிடம் தாலந்துகளை ஒப்படைத்துவிட்டுப் போன உவமையை இயேசு சொன்ன காலத்தில் அது பணத்தின் எடை. ஒரு தாலந்து என்றால் சுமார் 6000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஓய்வே இல்லாமல் உழைத்தாலும் 16 வருடத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு தாலந்து வாங்கியவன் கையில் இருந்தது அவ்வளவு. அவன் அதைச் சின்னதென்று நினைத்தானோ என்னவோ, மண்ணில் புதைத்துவிட்டான்.

மாற்கு 1:19இல் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அங்கே வருகிற கிரேக்கச் சொல்லே கலாத்தியர் 6:1இல் தவறினவரைத் திருத்துவதற்கும் வருகிறது. அதன் உறவுச் சொல்லைத்தான் எபேசியர் 4:12இல், இறைமக்களைத் திருப்பணிக்கு ஆயத்தமாக்குவதற்குப் பவுல் எழுதுகிறார். அதனால் வலை பொத்துகிற முறையையே உனக்கு எழுதுகிறேன்.

கிழிந்த இடத்தில் நேரே ஊசியை விடக் கூடாது. முதலில் பிய்ந்த நூலையெல்லாம் கத்தியால் வெட்டி ஓரத்தைச் சீராக்க வேண்டும். முடிச்சிலிருந்து கிளம்புகிற நூலைக் கால் என்போம். மேலே மூன்று கால் நிற்கிற ஒரு முடிச்சில் தொடங்க வேண்டும், கீழேயும் மூன்று கால் நிற்கிற முடிச்சில்தான் முடிக்க வேண்டும். நடுவில் உள்ள முடிச்சுகளுக்கெல்லாம் இரண்டிரண்டு கால்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஓட்டையைப் பெரிதாக்குகிற மாதிரித் தெரியும். அப்படி வெட்டாமல் பின்னினால் கண்ணிகள், அதாவது வலையின் கட்டங்கள், ஒன்றோடொன்று பொருந்தாது, கடைசியில் ஒரு கால் தொங்கிக்கொண்டு நிற்கும். புதுக் கண்ணி பழைய கண்ணியின் அளவுக்கே இருக்க வேண்டும். இறுகிவிட்டால் இழுவை முழுவதும் அதன்மேல் விழுந்து மறுபடி அங்கேயே கிழியும். தளர்ந்துவிட்டால் அந்த இடம் தொய்ந்து வலை கோணும்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலைகளும் அப்போதுதான் பழுதுக்கு வரும். நீ விடுப்பில் வரும் அந்த இரண்டு ஞாயிறும் திருப்பலி முடிந்ததும், அரசு உதவிக்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்காகக் கோவில் வளாகத்தில் ஒரு மேசை போட்டுவிடலாம். இரண்டு மணி நேரம், பன்னிரண்டு குடும்பம், அதற்குமேல் வேண்டாம். பதின்மூன்றாவது ஆளைப் பார்க்கும்போது கண் அசந்துவிடும், எண் ஒன்று மாறிவிடும்.

வந்தவுடன் பாரத்தை எடுத்து நிரப்பாதே. ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடு. நம் ஆட்களிடம் பிணக்கு பெரும்பாலும் பெயரில்தான் வரும். ஞானஸ்நானத்தில் சூசை, பள்ளியில் ஜோசப், ஒரு அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்த முடியும். ஆகையால் எந்த எழுத்துக்கூட்டு நிலைக்க வேண்டும் என்று அவரோடு பேசி முடிவுசெய்துவிட்டு, அதன்பிறகு அனுப்பு. அவசரப்பட்டு ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் பொருந்தாமல் போகும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ஆதார் வழியாக வருகிற பணம் கடைசியாக எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்ததோ அதில்தான் விழும். இரண்டு மூன்று வங்கியில் கணக்கு உள்ள ஆச்சி ஒரு புத்தகத்தையே பார்த்துப் பார்த்து, பணம் வரவில்லை என்று அழுவார். இரண்டு வருடம் போடுவதும் எடுப்பதும் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். அதற்கு வங்கிக்கே நேரில் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் கட்டுவது 1500 ரூபாய், மத்திய, மாநில அரசுகள் போடுவது 3000, கைக்கு வருவது 4500. கட்டிய ரசீதைத் தொலைத்தவர்களுக்கு அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டு.

கடற்பாசி எடுக்கிற பெண்களின் விரலைப் பார்த்திருக்கிறாய். துணி சுற்றிக்கொண்டு பாறையில் பிய்த்தாலும் ரேகை தேய்ந்து வழவழப்பாக இருக்கும். ரேஷன் கடை இயந்திரம் அதை ஏற்காது, "கையைத் துடைத்துவிட்டு வை" என்று நாலு தடவை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆதார் மையத்தில் ரேகையையும் கண்விழிப் பதிவையும் புதுப்பிக்கலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதை நீ சொன்னால் போதும், ஒரு வீட்டில் அரிசி வரும்.

பேச்சு அவர்கள் பேச்சாக இருக்கட்டும். விண்ணப்பதாரர் என்று வாசிக்காதே, "ஆச்சி, இங்கே உங்க பேர்" என்று விரல் வைத்துக் காட்டு. ஓரியூரில் 1693இல் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்த குருவானவர் புனித அருளானந்தர் போர்ச்சுக்கலில் அரண்மனை வளர்ப்பு. இங்கே வந்து தமிழ் கற்றுக் காவி உடுத்தினார், அவர் படிப்பு நம் மக்களைச் சேர்ந்தது அப்படித்தான். இன்னொன்று, கைம்பெண்ணின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சத்தம் போட்டு வாசிக்காதே. அடுத்த நாற்காலியில் கொழுந்தனார் உட்கார்ந்திருக்கலாம்.

கோவிலுக்கு வராதவர்களும் வருவார்கள். முஸ்லிம் வீட்டு ஆட்கள், பக்கத்துத் தெரு இந்துக்கள், எல்லாரும் ஒரே வரிசை. நம் சொந்தக்காரர் என்று யாரையும் முன்னால் விட்டால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பணத்தைத் தொடாதே. நகல் எடுக்கப் பத்து ரூபாயாக இருந்தாலும் அவர்களே கடையில் கொடுக்கட்டும். 2 கொரிந்தியர் 8:20ஐப் பார். காணிக்கையை எருசலேமுக்கு அனுப்பும்போது பழிச்சொல் வரக் கூடாதென்று பவுல் தனியாகப் போகாமல் சபைகள் தேர்ந்த ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார். அசல் தாளை வாங்கி வைக்காதே. ஓடிபி எண்ணைக் கேட்காதே, அவர்களாகச் சொன்னாலும் காதில் வாங்காதே. நகலின் குறுக்கே எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். ஒரு நோட்டில் தேதி, பெயர், கேட்ட காரியம், ஒப்புகை எண், இந்த நாலு மட்டும். ஆதார் எண் அதில் வேண்டாம்.

கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. மனு சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பதுவரைதான் உன் பொறுப்பு. அதற்குமேல் சொன்னால், வராதபோது உன்மேல் வருத்தம் வராது, கோவில்மேல் வரும்.

எனக்கு உள்ள ஒரே பயம் வேறு. நன்றாகச் செய்கிறவரைச் சுற்றி மற்றவர்கள் கை கட்டி நிற்பார்கள். நாலு பேர் புகழ்ந்த பிறகு "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்ற எண்ணம் தெரியாமலே உள்ளே வந்துவிடும். அதற்கு ஒரே வழி, முதல் நாளே பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வை. பத்தாவது முடித்த பெண் போதும். முதல் ஞாயிறு அவள் பார்க்கட்டும், இரண்டாவது ஞாயிறு அவள் எழுதட்டும், நீ சரிபார். நீ ஊருக்குத் திரும்பிய பிறகு மேசை தொடர்ந்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

கோயம்புத்தூரிலும் இதே வேலை இருக்கிறது. உன் பங்குச் சாமியாரிடம் பாடகர் குழுவைப் பற்றிப் பேச வேண்டாம், அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவில், தாள் வேலைக்குத் தவிக்கிற வீடுகள் எவை என்று கேள். வெளியூரிலிருந்து வந்து மில்லில் வேலை பார்க்கிறவர்கள் பெயரை அவரே சொல்வார்.

இங்கே சாமியாரிடம் இந்த ஞாயிறே மேசை கேட்டுவிடுகிறேன். நீ வரும்போது கட்டம் போட்ட நீள நோட்டு இரண்டும், ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டு வா. சில வங்கிப் புத்தகங்களில் அச்சு மங்கி எண்ணே தெரிவதில்லை. அம்மா உனக்காக நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா